நிமிர்ந்து பார்க்கும் பழக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு, டேனியலின் ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையால் வியட்நாமில் வேலையும் உடம்பும் நன்றாக இருக்கின்றன. உன் முட்டிவலி கம்மியாயிற்றா?

நான் கோல்ஃப் பழகும் வீடியோவில் கையில் கட்டுப் போட்டிருந்ததைப் பார்த்து நீ பயந்துவிட்டதாகத் தங்கச்சி ஜாஸ்மின் சொன்னாள். வெறும் கொப்புளம்தான், ஆறிவிட்டது. போனில் சொன்னால் நம்பமாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன்.

வாராவாரம் வீடியோ போட்டால், முகம் தெரியாதவர்களெல்லாம் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: அடிக்கும்போதே தலையைத் தூக்கிவிடுகிறேனாம், அதனால்தான் பந்து கோணலாகப் போகிறதாம். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஞாயிறு ஆராதனை முடிந்து பாலாற்று மணலில் கில்லி ஆடுவோமே, அடித்த உடனே நிமிர்ந்து உன்னைத்தான் பார்ப்பேன். வாரமெல்லாம் ஷூ தைத்த அலுப்பை மறந்து, முந்தானையை விரித்துக்கொண்டு ஓடிவந்து கில்லியைப் பிடிப்பாய். "அவுட்டுடா! இன்னாடா முழிக்கிற?" என்று கரை வரைக்கும் கேட்கக் கத்துவாய்.

போன ஞாயிறு ஒருவழியாகத் தலையைத் தூக்காமல் அடித்தேன். பந்து நேராகப் போய்த் தூரத்தில் குழியில் நட்டிருக்கும் கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது. அந்த வீடியோவுக்கு ஒரே பாராட்டு.

நம் தெரு சம்பத் அண்ணன் அடுத்த மாதம் இங்கே வருகிறார். அவரிடம் இட்லிப் பொடியும், உன் பழைய புடவையில் ஒரு துண்டும் கொடுத்தனுப்பு. பந்து துடைக்கத்தான். புதுசு வேண்டாம்.

கம்பெனி வேன் வந்துவிட்டது. போன ஞாயிறு வீடியோவை மட்டும் கடைசிவரை பார்க்காதே, அம்மா. பந்து போன பிறகு நிமிர்ந்து நான் யாரைத் தேடுகிறேன் என்று உனக்குத் தெரிந்துவிடும்.

உன் மகன்,
டேனியல்