பாலைத் தராசில் வைத்தேன், அண்ணா

என் செல்ல அண்ணா,

பாதி ஜெயித்துவிட்டேன். சுற்றி வளைத்துச் சொன்னால் உனக்குப் பிடிக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நீ போய் எட்டு மாதமாகிறது. மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக நீ மருந்து கலந்த அறையை இப்போது நான்தான் கூட்டித் துடைக்கிறேன். ஆயா வேலை. "உங்கண்ணன தொரத்துன எடத்துக்கா போற?" என்று கேட்ட நைனா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அங்கேதான் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

தாய்ப்பால் இல்லாத குழந்தைகளுக்கு அங்கே கொடுக்கும் பாலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்றாய். நிறுத்துக் காட்டுகிறேன் என்றாய். டாக்டர் தராசைத் தொடவிடவில்லை. பால் குத்தகைக்காரர்மேல் வீண்பழி சுமத்தினாய் என்று பதிவேட்டில் எழுதி உன்னை வெளியே அனுப்பினார். அரக்கோணத்தில் வேலை தேடி அலைந்தபோது வந்த காய்ச்சலில் நீ போய்விட்டாய். பொய் சொன்னவன் என்ற பேச்சு மட்டும் போகவில்லை. அதை நான் எப்படித் தாங்குவேன்?

போன வாரம் பொதட்டூர்பேட்டையிலிருந்து நாகம்மா என்ற நெசவுக்காரப் பெண் இரட்டைக் குழந்தைகளோடு வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பால் சுரக்கவில்லை. "வேளாவேளைக்கு குடிக்குதுங்கக்கா. ஆனா எளச்சிகினே போவுதுங்க" என்று அழுதாள். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை குத்தகைக்காரர் பால் கேனை இறக்கும்போது, நீ மருந்து நிறுத்த தராசை வாசலுக்குத் தூக்கி வந்தேன். எடை ஒத்த இரண்டு புட்டிகள். ஒன்றில் அவர் பால். மற்றதில் பக்கத்துத் தெருவில் என் கண்முன்னால் கறந்த பால். நுரை அடங்கி, சூடு ஆறும்வரை காத்திருந்து, இரண்டையும் ஒரே கோடுவரை ஊற்றினேன். நல்ல பால் தண்ணீரைவிடக் கனம், தண்ணீர் சேர்த்தால் அந்தக் கனம் குறையும் என்பதுதானே உன் வாதம்? கறந்த பால் இருந்த தட்டு கீழே இறங்கியது.

குத்தகைக்காரர் சிரித்தார். "இன்னாம்மா இது? மாட்டுக்கு மாடு பால் மாறும். இதுகூட தெரியாதா?"

"ஆங், மாறுங்க. அப்ப சாயங்காலம் உங்க மாடுங்களயே ஓட்டிகினு வாங்க. இங்கியே கறக்கலாம்."

சுற்றி நின்ற தாய்மார்கள் முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை. காலைப் பால் இருந்த புட்டியை இறுக மூடி, தண்ணீர்ச் சட்டியில் வைத்தேன். நாகம்மா அதன் பக்கத்தைவிட்டு அசையவில்லை.

சாயங்காலம் அவருடைய நான்கு மாடுகளையும் வாசலிலேயே கறந்து, பாலை ஒன்றாகக் கலந்தோம். ஆறவைத்து அதே கோடுவரை ஊற்றினேன். டாக்டரும் வந்து நின்றார். அந்த மாடுகளின் பால் கீழே போனது, குத்தகைக்காரர் காலையில் கொண்டுவந்த பால் மேலே எழும்பியது.

"உங்க மாடே சொல்லிடிச்சிங்களே, இன்னும் இன்னா வோணும்?" என்றாள் நாகம்மா.

அன்றோடு அவருடைய குத்தகை போனது. இப்போது மாட்டை வாசலில் கட்டித்தான் கறக்கிறார்கள். குழந்தைகள் இரண்டும் நன்றாக வீறிட்டு அழுகின்றன, அண்ணா. முன்பு அழக்கூடத் தெம்பில்லை.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "உங்கண்ணன் விஷயம் முடிஞ்சிபோச்சு. விட்டுடும்மா."

"முடியலீங்க. வீண்பழின்னு எழுதியிருக்கீங்களே, அத அடிங்க."

வார்டைப் பார்க்கப் போய்விட்டார். போகட்டும். தினமும் காலையில் அவர் அறை வாசலில் நின்று இதையே கேட்பேன். என்னையும் வேலையைவிட்டு நீக்கினால் தெருவில் நின்று கேட்பேன். எழுதிய அவர் கையாலேயே அதை அடிக்கவைப்பேன். இது சத்தியம்.

உனக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்காத உன் தங்கை,
எஸ்தர்