சர்க்கரை இல்லை என்று சொன்னவள்

1981 மார்ச் 2, திங்கள்

காலையிலேயே வெயில். ராணிப்பேட்டை பஸ்ஸில் நின்றபடியே பயணம். பிளேடு வாங்க மறந்தாயிற்று.

எங்கள் தோல் கம்பெனியிலிருந்து கிரேஸுக்கு இன்னொரு மூட்டை பட்டைச் சக்கை. தோல் பதனிட மரப்பட்டையை ஊறவைத்த பின் தூக்கிப் போடுவது. கல்லூரியில் தாவரவியல் நடத்தும் என் மனைவிக்கோ பொக்கிஷம். பச்சைப் பூஞ்சை ஒன்றை வளர்த்து, அது ஊறிய நீரை வடிகட்டுகிறாள். அதிலுள்ள என்சைம் நாரை உடைத்துச் சர்க்கரையாக்குமாம். சர்க்கரையைப் புளிக்க வைத்தால் ஆல்கஹால். அதில் வண்டி ஓடும்.

மாத முடிவுக்குள் பலன் காட்டாவிட்டால் அவள் ஆய்வறை மனையியல் துறைக்கு. தையல் மெஷின்கள் இப்போதே வராந்தாவில்.

மார்ச் 4, புதன்

பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. சோதனைக் குழாய்கள் ஆறாமலிருக்க வெந்நீர் மாற்றி மாற்றி ஊற்றியிருக்கிறாள். விரலெல்லாம் கன்றிப்போய்.

ஆனால் ஜெயம்! சோதனைத் திரவத்தின் நீலம் மாறிச் செங்கல் நிறம். சர்க்கரைக்கு அதுதான் அடையாளம். திரவம் ஒரு குழாய்க்குத்தான் இருந்ததாம். பிரின்சிபால் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. திங்களன்று நிர்வாகக் குழுவையே அழைத்துவிட்டார்.

மார்ச் 5, வியாழன்

ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டேன். பட்டைத் தொட்டி மேஸ்திரி மஸ்தான் பாய், "இன்னா சார், நாங்க கொட்டற சக்கைல பெட்ரோலா? அம்மா ஜாஸ்தி மூளக்காரங்க!" என்றார்.

மாலை வீட்டில் கிரேஸ், செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில்.

"என்னங்க, அது சர்க்கரை இல்ல."

புதிதாகத் திரவம் கலந்து, என்சைம் சேர்க்காத சக்கையையும் சோதித்தாளாம். அதுவும் சிவந்துவிட்டது. பட்டையில் மிச்சமிருந்த துவர்ப்பு செய்த வேலை.

"தோலைப் பிடிக்கிற அதே துவர்ப்பு என்சைமையும் பிடிச்சுக்குது. அப்புறம் அது எங்க வேலை செய்யும்?"

"பிரின்சிபாலுக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டுத்தான் வர்றேன். குழுவை வர வேணாம்னுட்டாங்க."

"திங்கள் போற வரைக்கும் பேசாம இருந்திருக்கலாமே, கிரேஸ்."

"வர்றவங்களுக்கு இன்னாத்தக் காட்டறது? பட்டைக் கஷாயமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குத்தான் நாளை மஸ்தான் பாய் முகத்தில் எப்படி விழிப்பது என்றிருந்தது.

மார்ச் 7, சனி

காவேரிப்பாக்கத்திலிருந்து வைக்கோல் கட்டு, பஸ் கூரைமேல். "மாடு எங்க சார்?" என்றார் கண்டக்டர். வைக்கோலில் துவர்ப்பு கம்மி. கிரேஸ் அதைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டாள். நார் இளகுமாம். வீடெல்லாம் தும்பு. எனக்குத் தும்மல்.

மார்ச் 9, திங்கள்

குழு வரவில்லை. அறையின் ஒரு மூலையில் இரண்டு தையல் மெஷின். கிரேஸ் வைக்கோலை அலசிக்கொண்டிருந்தாளாம், அவற்றுக்கு முதுகைக் காட்டி.

மார்ச் 12, வியாழன்

அரைநாள் லீவு. கல்லூரிக்கே போனேன். பிரின்சிபால் அம்மா கைகட்டி நின்றிருந்தார். கிரேஸ் முதலில் எடுத்தது என்சைம் சேர்க்காத வைக்கோல் குழாயை. சோதனைத் திரவம் ஊற்றிக் கொதித்தும் நீலம். அசையாத நீலம். அடுத்தது என்சைம் சேர்த்தது. பச்சை, மஞ்சள், பிறகு நல்ல செங்கல் நிறம்.

பிரின்சிபால், "இப்பவாவது குழுவைக் கூப்பிடட்டுமா?"

"இன்னொரு வாட்டி பண்ணிட்டுச் சொல்றேன் மேடம்."

அந்த அம்மா அவளையே பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "ஆயாம்மா, இந்த மெஷினையெல்லாம் வெளியே எடுக்கச் சொல்லு."