பெல்ட் போட்டோ

டிசம்பர் 16, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். ஸ்ரீரங்கம், லாட்ஜ் மொட்டை மாடி. 5ஜி ஆன்டெனா மாட்டியாச்சு. ஏகாதசிக் கூட்டம் வருவதற்குள் எல்லாம் ஓட வேண்டுமாம். மேனேஜர் ஓயாமல் போன். பெருமாளே அவசரப்படவில்லை, இவருக்கு என்ன வந்தது?

செல்வம் மேலே ஏறுகிறான். யூசுப் பாய் கீழே கயிறு. நான் லேப்டாப்போடு நனையாத இடம் தேடி அலைகிறேன், என்ஜினியர் என்று பெயர்.

புது உத்தரவு. ஏறும் முன் பெல்ட், ஹெல்மெட்டோடு ஆளை நிறுத்திப் போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும். செல்வத்துக்கு ஒரே குஷி. மாப்பிள்ளை மாதிரி நிற்கிறான். "அக்கா, கொஞ்சம் கலரா எடுங்க."

வாங்க: மழைக்கோட்டு, அம்மாவுக்கு மாத்திரை, தைலம்.

டிசம்பர் 18, வியாழன்

நாளை ஜீயபுரம் தாண்டி ஒரு டவர். சுற்றிலும் வாழை. 5ஜி கரண்ட் அதிகம் இழுக்கும், பவர் பெட்டியையே மாற்ற வேண்டும். அதாவது டவரை மொத்தமாக அணைக்க வேண்டும். எல்லாக் கம்பெனியும் அந்த ஒரே டவரில்தான் தொங்குகின்றன. அணைத்தால் அந்தப் பக்கம் எந்த போனும் பேசாது.

யாருக்காவது ஏதாவது ஆனால் கூப்பிட வழியில்லை. அதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அணைக்கும் முன் பாயின் பைக்கை ரோட்டைப் பார்த்துத் திருப்பி, சாவியை வண்டியிலேயே விட்டுவிடுவது. வேலை முடியும் வரை தொடக்கூடாது. டீக்குக்கூட நடைதான். கம்பெனி விதியில் இல்லை, பாய் போட்ட சட்டம்.

டிசம்பர் 19, வெள்ளி

எழுத முடியவில்லை.

டிசம்பர் 20, சனி

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஆபீஸ் எழுதிக்கொள்வதுதான் நிற்கும்.

நேற்று ஜீயபுரத்தில் டவரை அணைத்தோம். அப்புறம்தான் ஞாபகம், பெல்ட் போட்டோ ஏற்றவில்லை. சிக்னலை நாங்களே நிறுத்திவிட்டோம். போட்டோ இல்லையென்றால் அன்றைய வேலை செல்லாது. செல்வத்தை நிறுத்தி எடுத்தேன். என் போனை பாயிடம் நீட்டி, "சிக்னல் கிடைக்கிற இடம் வரைக்கும் போய் ஏத்திட்டு வந்துடுங்க பாய்" என்றேன்.

"வண்டி இங்க நிக்கணும்மா."

"மேனேஜர் விட மாட்டார் பாய். டக்குனு வந்துடலாம்."

போனார். செல்வம் ஏணியில் கால் வைத்தான். "பாய் வர்றதுக்குள்ள பாதி ஏறிடறேன்க்கா." எல்லா இடத்திலும் நடப்பதுதான். தலையாட்டினேன்.

பழைய ஆன்டெனாவுக்குப் பின்னால் கதண்டுக் குளவிக் கூடு. போல்ட்டைத் தளர்த்தியதும் மொத்தமாகக் கிளம்பிவிட்டன. பெல்ட் கொக்கி கம்பியில். முகத்தை மூடுவானா, கொக்கியைக் கழற்றுவானா? அவன் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. எப்படியோ இறங்கினான். கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. "அக்கா, அக்கா" என்று மட்டும்.

அவன் போனை எடுத்து 108 அடித்தேன். மறுபடி அடித்தேன். அணைத்தவளே நான்தானே, முண்டம். பழைய பேட்டரியைக் கழற்றிப் போட்டிருக்கிறோம், திரும்ப உயிர் கொடுக்கவும் வழியில்லை. ஓடினேன். வாழைத்தார் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் போன் கேட்டால், "எங்க போனும் காலையிலேருந்து செத்துக் கெடக்குதுங்க" என்றார்.

வாய்க்கால் கரையில் பாய் எதிரே வந்தார். இரண்டு இடத்தில் போட்டோ போகவில்லையாம், குடமுருட்டிப் பக்கம் வரை போயிருக்கிறார். "ஏத்தியாச்சும்மா" என்று சிரித்தபடியே வண்டியை நிறுத்தினார்.

டிசம்பர் 22, திங்கள்

ஆஸ்பத்திரி. கிட்னி வேலை செய்யவில்லை. விஷம் ஏறிவிட்டதாம். "ஏன் இவ்வளவு லேட்டு?" என்றார் டாக்டர். ரேவதி, செல்வத்தின் மனைவி, என்னை எதுவும் கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மேனேஜர் போன். "போட்டோ ஓகே ஆயிருக்கு. நம்ம பக்கம் க்ளியர். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

அதற்கு நான் "சரி சார்" என்றேன். சொல்லியிருக்கிறேன்.

சாப்பிடவில்லை. மாத்திரையும் வாங்கவில்லை, அம்மா கேட்கவுமில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

செல்வம் போய்விட்டான்.

ஜீயபுரம் டவரை வேறு ஆட்கள் முடித்துவிட்டார்களாம். நல்ல ஸ்பீடாம்.

டிசம்பர் 24, புதன்

வெயில். திருவெறும்பூர், செல்வத்தின் வீடு. வாசலில் பந்தல். பாய் ஓரமாக நின்றார், என்னைப் பார்க்கவில்லை. வண்டியில் வராமல் பஸ்ஸில் வந்திருக்கிறார்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நல்ல படம் இல்லை என்று தேடிக்கொண்டிருந்தார்கள். இருப்பதெல்லாம் கல்யாணத்தில் எடுத்தவை. ரேவதி உள்ளேயிருந்து எழுந்து வந்தாள்.

"கடைசியா நீங்க எடுத்தது இருக்காமே. பாய் சொன்னாரு. அனுப்புங்கக்கா."

திறந்தேன். ஹெல்மெட், பெல்ட், எல்லாம் சரி. பல் தெரியச் சிரிக்கிறான். அவனுக்குப் பின்னால் பாயின் பைக், ரோட்டைப் பார்த்து, சாவியோடு.

"வண்டி தெரியுது. அதை வெட்டிடச் சொல்லணும்" என்றேன்.

"மூஞ்சி மட்டும்தான் போடுவாங்க."

இந்தத் தெருவுக்கான டவரில் போன மாதம் நாங்கள்தான் 5ஜி மாட்டினோம். செல்வம்தான் ஏறினான். அவன் வீட்டு மாடி அங்கிருந்து தெரிகிறது என்று கயிற்றை ஆட்டிக் காட்டினான்.

படத்தை அனுப்ப அமுக்கினேன். வட்டம் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. ரேவதியின் கையில் போன் அதிர்ந்தது.