பேட்டரியில் ஊதாத சைரன்

செவ்வாய்

தூறல். கருமத்தம்பட்டி பட்டறையில் சைரன் சோதனை. அணுமின் நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகும் சரக்கு. கரண்ட் செத்தாலும் பேட்டரியில் ஊத வேண்டும். அவசரகாலத் திட்டத்தின் விதி. கண்காணிக்கும் அதிகாரிகள் இங்கே வருவதில்லை. எங்கள் ஆய்வுக் கம்பெனியின் சான்றிதழைத்தான் பார்ப்பார்கள். அதில் என் கையெழுத்து. பட்டறை மேனேஜர் மாமா, என் அக்கா புருஷன். உறவு என்று ஆபீசில் எழுதியே கொடுத்தேன். வேறு ஆள் இல்லை, போ என்றார்கள்.

மெயினை அணைத்தாயிற்று என்றார் மாமா. சைரன் ஊதியது. இன்று பராமரிப்பு மின்தடை நாள். காலையில் போக வேண்டிய கரண்ட் போகவில்லை, இனிப் போகாது என்று நம்பிவிட்டார்கள். சோதனை நடுவில் போனது. சைரனும் செத்தது.

பெட்டிக்குப் பின்னால் கை விட்டேன். ஒளித்து இழுத்த மெயின் வயர். பிடுங்கினேன். மாமா ஸ்பானரால் அடித்தார். புருவம் பிளந்து சட்டையெல்லாம் ரத்தம். பட்டறை முதலாளி என் கழுத்தைச் சுவரோடு அழுத்திக்கொண்டே, "கோவிச்சுக்காதீங்க தம்பி. கையெழுத்தப் போட்டுட்டு, சாப்புட்டுப் போங்க."

போடவில்லை.

புதன்

புருவத்தில் தையல். வெயில். போத்தனூர் ரூமுக்கு அக்கா வந்தாள். மாமாவுக்கு வேலை போய்விடுமாம். "சைரன் போற அந்த ஊருகள்ல நமக்கு ஆரு இருக்காங்க கண்ணு?"

அவள் கொண்டுவந்த டிபன் கேரியரை உதைத்தேன். சுவர் முழுக்க சாம்பார். அவளே துடைத்துவிட்டுப் போனாள். நாய் நான்.

சரக்கு நிராகரிப்பு என்று அறிக்கை அனுப்பினேன். அதிகாரிகளுக்கும் நகல்.

வெள்ளி

அக்கா போன். அழுகை மட்டும். பைக்கில் துடியலூர், அக்கா வீடு. அவள் வலது மணிக்கட்டு தொங்கியது. அறிக்கைக்காக மாமா முறுக்கி உடைத்திருக்கிறார். மாமா வாயிலேயே குத்தினேன். இரண்டு பல். தள்ளி, கழுத்தில் முழங்காலை வைத்தேன். கீழே கிடந்தபடி சிரிப்பு வேறு. "கொன்னுபோடுங்க மாப்ள. இல்லீன்னா அறிக்கையத் திருப்பி வாங்குங்க, அவளத் தொட மாட்டேன்."

போனை எடுத்தேன். வாங்கிவிடத்தான் நினைத்தேன்.

அக்கா தடுத்தாள். "வேண்டாங் கண்ணு. இப்ப நீ வாங்குனா, என்னைய அடிச்சா வேல நடக்கும்னு இவருக்குத் தெரிஞ்சுபோயிரும்."

போனை உள்ளே வைத்தேன்.

சனி

வானம் மப்பு. அக்கா கையில் மாவுக்கட்டு. என் ரூமில்தான் இருக்கிறாள். போலீஸ் ஸ்டேஷன் போக வேண்டும். அவள் சொல்லச் சொல்லப் புகாரை நான் எழுதுகிறேன். மாமாவின் பல்லை உடைத்ததை விட்டுவிட்டேன். வாசித்துக் காட்டும்போதே நிறுத்தினாள். நீ அடிச்சதையும் எழுது என்கிறாள்.