உப்புத் தண்ணீரில் கழுவிய பேனல்கள்

பஸ்ரா, குர்னா சாலை
ஸஃபர் பிறை இருபத்துமூன்று

அன்பு மகன் முஹன்னதுக்கு,

உன் உம்மா எழுதுவது. உன் மீது சலாம் உண்டாகட்டும். நீ இருக்கும் அந்தக் குளிர் நாட்டில் உன் நெஞ்சில் சளி சேராமல் ரப்பு காப்பாற்றட்டும். இங்கே நாங்கள் நலம். எந்த அளவுக்கு நலம் என்பதைக் கீழே படித்து நீயே முடிவு செய்துகொள்.

போனில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்லும்போதே உனக்கு முழுவதும் புரிந்துவிடுகிறது, பதில் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாய். அதோடு, நீ கூப்பிட்டால் உன் வாப்பா எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொள்கிறார். பேசச் சொன்னால் பேசமாட்டார். போனை நீட்டினால் கையை ஆட்டிவிட்டு நகர்ந்துபோவார். எண்ணெய் நிலையத்தில் உனக்காகக் கேட்டு வாங்கிய வேலையை விட்டுவிட்டு நீ கப்பல் ஏறியது இன்னும் அவர் தொண்டையில் நிற்கிறது. அவரைப் பின்னால் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு உம்மு ஜவாதின் மருமகன் நாளை மறுநாள் உன் ஊருக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுக்கிறேன்.

நீ கேட்டிருந்தாய்: "உம்மா, நீங்கதான் எல்லாத்துக்கும் கணக்கு வெச்சிருப்பீங்களே. சோலார் நல்லதா, ஜெனரேட்டர் நல்லதான்னு பாத்துச் சொல்லுங்க. ஸாலிஹா சாச்சி வீட்டுக்கும் அனுப்பிடறேன்." சரி, சொல்கிறேன். கோபமாக எழுதினால் பொறுத்துக்கொள். இந்தக் கோடையில் என்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

நல்லதை முதலில் சொல்லாவிட்டால் அது நன்றிகெட்டதனம். நீ அனுப்பிய பணத்தில் எட்டு பேனல்கள் மாடிப்படி அறையின் கூரைமேல் வந்து உட்கார்ந்தது வசந்த காலத்தில். அப்போது அது ரப்பு இறக்கிய ரஹ்மத். சத்தமில்லை, புகையில்லை. பகல் முழுக்க மின்விசிறி, சலவை இயந்திரம், இரண்டு ஃப்ரீசர்கள். இரவில் பேட்டரியில் விளக்கு. சுபுஹு தொழுகைக்கு எழுந்தால் கறுப்புப் புகை நாற்றம் இல்லாமல் காற்று வந்தது. நான் சஜ்தாவில் நெற்றியை வைத்து உனக்காக அழுதேன். இதுவும் உண்மை.

அப்போதுதான் நீ சொன்னாய், தெரு ஜெனரேட்டர் இணைப்பை வெட்டிவிடு, இனி அது தண்டம் என்று. வெட்டினேன். ஜெனரேட்டர்காரர் அபூ கர்ரார் மூன்று முறை கேட்டார்: "யோசிச்சுட்டீங்களா அக்கா? உங்க பங்கு ஆம்பியர் கரண்டை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துட்டா அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது." நான் பெருமையாகச் சொன்னேன், என் மகன் எல்லாம் விசாரித்துத்தான் சொல்லியிருக்கிறான் என்று.

உன் வாப்பாவின் கேலியை எழுதினால் இந்தத் தாள் போதாது. பேனலுக்கு அவர் வைத்த பெயர் முகம் பார்க்கும் கண்ணாடி. முப்பது வருடம் வாயு எரிகிற தீக்கு அடியில் நின்று வேலை பார்த்தவர் அல்லவா, "நெருப்பு என்னை ஒரு நாளும் ஏமாத்தினதில்ல, வெயிலை நம்பிக் குடும்பம் நடத்தச் சொல்றான்" என்பார். வெயில் ஏறியதும் மாடியறையில் இருந்த இன்வெர்ட்டர் சூடு தாங்காமல் நண்பகலில் தானாக அணைய ஆரம்பித்தது. எந்த நேரத்தில் வெயில் அதிகமோ அந்த நேரத்தில் கரண்ட் இல்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன். கடைசியில் அதைக் கீழே இறக்கி, வீட்டிலேயே குளிர்ந்த இடமான அவருடைய விருந்தினர் அறையில் மாட்டினோம். நிலையத்தில் கொடுத்த நீண்டகாலச் சேவைச் சான்றிதழுக்குப் பக்கத்தில் அது இரவும் பகலும் உறுமுகிறது. வருகிறவர்களிடம் சொல்கிறார்: "இதுவும் விருந்தாளிதான். தேநீர் கேக்காது. ஆனா எந்திரிச்சும் போகாது."

வீட்டுக்குப் பின்னால் எண்ணெய் நிலையத்தின் வாயுத் தீ எப்போதும்போல எரிகிறது. நீ போனபோது மூன்று தீ, இப்போது நான்கு. இரவில் விளக்குப் போடாமலே துணி மடிக்கலாம், அத்தனை வெளிச்சம். அவ்வளவு வாயுவை வானத்துக்குக் கொடுத்துவிட்டு, சமைக்கிற சிலிண்டருக்கு நான் தெருமுனையில் பாட்டு போட்டு வரும் வண்டியைக் காத்து நிற்கிறேன். அந்தத் தீயின் கரிதான் பேனலில் விழுகிறது. வெறும் தூசி இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு. விரலால் தொட்டால் மை மாதிரி ஒட்டும். கரண்ட் குறையக் குறைய நான் உனக்குப் போன் செய்தேன்.

நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா மகனே? "குழாயைப் போட்டுக் காலையில நல்லா அடிச்சு விடுங்க உம்மா, இங்க எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

அடித்தேன். நாலு நாள் தொடர்ந்து விடிகாலையில் ஏணியில் ஏறி, குழாய்த் தண்ணீரால் எட்டு பேனலையும் குளிப்பாட்டினேன். நான் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனவள் இல்லை, உன் பாடப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவள். நீ சொல்வதில் ஏதோ விவரம் இருக்கும் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் ஏறிப் பார்த்தால் பேனல் எல்லாம் வெள்ளை வெளேர். கருப்புக் கண்ணாடிமேல் சுண்ணாம்பு அடித்த மாதிரி உப்புப் பொருக்கு, வெயிலில் வெந்து ஒட்டிக்கொண்டிருந்தது. துணியால் தேய்த்தால் கரகரவென்று கண்ணாடியைக் கீறியது.

நம் குழாயில் என்ன தண்ணீர் வரும் என்று உனக்குத் தெரியாதா? அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துப்பியவன் நீ. அதில் குளித்துவிட்டு, நல்ல தண்ணீர் ஒரு செம்பு ஊற்றுங்கள் உம்மா, கண் எரிகிறது என்று நின்றவன். வண்டியில் வாங்கும் நல்ல தண்ணீர் வேறு, குழாய்த் தண்ணீர் வேறு என்பது பஸ்ராவில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். பேனல் கெட்டதற்காக நான் அன்று படியில் உட்கார்ந்து அழவில்லை. என் பிள்ளையின் நாக்குக்கு இந்த உப்பு மறந்துபோய்விட்டதே என்றுதான்.

இது நடந்தது முஹர்ரம் கடைசியில். எப்படிப்பட்ட நேரம் பார். இன்னும் சில நாளில் இமாம் ஹுஸைனின் நாற்பதாம் நாளுக்காகக் கர்பலாவுக்கு நடப்பவர்கள் நம் வாசல் வழியாக வருவார்கள். நீ கடல் தாண்டிய இரவில் நான் ஹுஸைன் பேரில் வைத்த நேர்ச்சை உனக்குத் தெரியும்: நீ உயிரோடு கரை சேர்ந்தால், நடக்கிறவர்களுக்கு வருடா வருடம் என் வாசலில் குளிர்ந்த தண்ணீர். ஆறு வருடமாக ஒரு தடவையும் தவறவில்லை. இந்த வருடம் இரண்டு ஃப்ரீசரிலும் தண்ணீர் வெதுவெதுவென்று கிடக்கிறது. அரசாங்கக் கரண்ட் இரண்டு மணி நேரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. வெந்நீரைக் கொடுத்து நேர்ச்சையைக் கழிக்க முடியுமா? அது நிறைவேறாவிட்டால் உனக்கு என்ன ஆகுமோ என்ற பயம் என்னைத் தூங்கவிடவில்லை. நீ சிரிப்பாய். சிரி.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அபூ கர்ராரிடம் போனேன். அவர் நாற்காலியை விட்டு எழாமலே, "என்ன அக்கா, சூரியன் நைட் டியூட்டிக்கு வர மாட்டேன்னுட்டாரா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் பங்கு ஆம்பியர் ஏற்கெனவே வேறு வீட்டுக்குப் போய்விட்டது, இந்த வெயிலில் ஒரு விளக்குக்குக்கூட இடமில்லை என்றார். நான் திரும்பி நடந்தேன். பத்தடி போனதும் கூப்பிட்டுக் கேட்டார், கரண்ட் எதற்கு என்று. நடக்கிறவர்களின் தண்ணீருக்கு என்றேன். மனிதர் எழுந்து நின்றுவிட்டார். "இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன அக்கா? என்னைப் பாவத்துல தள்ளப் பாத்தீங்களே." அன்று மாலையே தன் வீட்டு இணைப்பைக் கழற்றி நமக்கு மாட்டிவிட்டார். பணம் என்ற பேச்சே எடுக்கவிடவில்லை. அவர் பிள்ளைகள் மொட்டை மாடியில் படுத்தார்கள்.

ஆனால் மறுநாளே டீசல் வரவில்லை. எண்ணெய்மேல் குடியிருக்கிறோம், முகம் கழுவினால் எண்ணெய் வாசம், ஜெனரேட்டருக்கு ஊற்ற டீசல் இல்லையாம். தெருவே இருட்டு. பின்னால் நான்கு தீயும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தன. நான் கோபத்தில் அந்தத் தீயைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டேன், பிறகு மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்தேன்.

அந்த வாரம் ஊறுகாய் போட வைத்திருந்த பேரீச்சம்பழக் காடியைக் காணோம். பெரிய ஜாடி, பாதிக்குமேல் காலி. குடிக்கிற நல்ல தண்ணீரும் கணக்குக்குக் குறைந்தது. உன் தங்கை இப்திஹாலைத் திட்டினேன். அவள் சத்தியம் செய்து அழுதாள். சுபுஹு தொழுதுவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போனால், மேலே உன் வாப்பா. கூரைமேல் முட்டி போட்டு உட்கார்ந்து, என் காடியில் பஞ்சுத் துணியை நனைத்து ஒரு பேனலை ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருக்கிறார். கெட்டிலில் உப்புப் படிந்தால் நான் செய்வேனே, அதேதான். எனக்கே தோன்றாததை அவர் என்னைப் பார்த்துப் பார்த்துக் கற்று வைத்திருக்கிறார். பிறகு நல்ல தண்ணீரை டம்ளர் டம்ளராக ஊற்றினார். கைக்குழந்தைக்குத் தலை நனைப்பது போல.

என்னைப் பார்த்ததும் அவருக்குக் கோபம். "என்ன முறைக்கிற? வர்றவங்களுக்கு வெந்நிய ஊத்தச் சொல்றியா?" என்றார். ஊறுகாய் போச்சே என்றேன். "உன் மகன் மூளையை ஊறப்போடு, அதுல உப்புக் கம்மியா இருக்கு" என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் இருமினார். அந்த இருமல் இப்போதெல்லாம் சீக்கிரம் நிற்பதில்லை.

ஆறு பேனல் தெளிந்தது. இரண்டில் வெள்ளைத் தழும்பு போகவில்லை. ஒரு ஃப்ரீசரை அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் ஓட்டினோம். விருந்தினர் அறை மின்விசிறியையும் அவரே நிறுத்திவிட்டார். ஐஸ் கட்டியது. மெலிதுதான், ஆனாலும் கட்டியது. நடப்பவர்கள் விடியற்காலையில் கறுப்புச் சட்டையும் கொடியுமாக வந்தார்கள், வாசலில் குளிர்ந்த தண்ணீர் குடித்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், நேர்ச்சை தவறவில்லை.

கடைசி நாள் கடலோர ஃபாவிலிருந்து நடந்து வந்த ஒரு பையன், உன் வயசு இருக்கும், தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டு, "யார் பேருக்கு இந்தத் தண்ணி? துஆவுல சொல்றேன்" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் உன் வாப்பா தன் பெயரையும் சேர்த்துச் சொன்னார்: "முஹன்னத். அப்துஸ்ஸஹ்ராவோட மகன் முஹன்னத்." ஆறு வருடத்தில் அவர் வாயிலிருந்து உன் பெயரை நான் கேட்டது அன்றுதான். சொல்லிவிட்டு டம்ளர்களைக் கழுவ உள்ளே போய்விட்டார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஸாலிஹா சாச்சிக்குப் பேனல் அனுப்பலாமா? வருடத்தில் எட்டு மாதம் அது ஜெனரேட்டரை விட நல்லது, என் கணக்கில் சந்தேகமே இல்லை. மீதி நாலு மாதம் இரண்டும் கையை விரிக்கின்றன. ஆகவே அவளிடம் பழைய இணைப்பை வெட்டச் சொல்லாதே. நானும் பாதி ஆம்பியராவது திரும்பத் தரும்படி அபூ கர்ராரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே எல்லோரும் செய்வதை இங்கே செய்யச் சொல்லாதே. அதற்கெல்லாம் மேலே, பேனலுக்கு வெயில் மட்டும் போதாது. மூன்று நாளைக்கு ஒருமுறை கூரையில் ஏறிக் கழுவ ஓர் ஆள் வேண்டும். சாச்சி வீட்டில் அப்படி யாரும் இல்லை. நம் வீட்டில் இருக்கிறார், வயது அறுபத்தெட்டு, நெஞ்சில் கரி. ஏற வேண்டாம் என்று நான் சொன்னால் கேட்பதில்லை.

ஏணியின் மூன்றாவது படி ஆடுகிறது. தச்சனைக் கூப்பிட்டேன், வந்தவனைத் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். நீ போவதற்கு முந்தின நாள் அடித்துவிட்டுப் போன ஆணியாம் அது, வேறு யாரும் கை வைக்கக் கூடாதாம். ஆடுகிற படியை விட்டுத் தாண்டித் தாண்டித்தான் ஏறுகிறார். அவர் கூரையைத் தொடும்வரை நான் கீழே இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஸலவாத்து ஓதுகிறேன்.

உன் உழைப்பில் அல்லாஹ் பரகத் செய்யட்டும். உன் கால் நடக்கும் பாதையெல்லாம் நல்ல பாதையாகவும், இந்த வாசலை மறக்காத பாதையாகவும் ஆக்கட்டும். உம்மு ஜவாதின் மருமகனிடம் காய்ந்த எலுமிச்சை ஒரு பை கொடுத்திருக்கிறேன், தேநீரில் போட்டுக் குடி. கூடவே ஒரு சின்னப் போத்தலில் நம் குழாய்த் தண்ணீர் இருக்கும். குடித்துவிடாதே. நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்.

உனக்காக ஐந்து வேளையும் கையேந்தும்,
உன் உம்மா
நஜிய்யா