நீ கூப்பிடும்போது கேட்கும் குரல்

அன்பு மகன் இளவரசனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மகள் தேவதர்ஷினியும் மாடு கன்றோடு நல்லபடியாக இருக்கிறோம், கத்தாரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் தலைக்குத் துணி கட்டி, உடம்பு கெடாமல் இருக்கிறாய் என்ற சேதிதான் எனக்கு வேண்டும். கல்வராயன் மலைப்பக்கம் தினமும் இடிக்கிறது, மழைதான் கீழே இறங்கி வர மாட்டேன் என்கிறது. கரும்பு பரவாயில்லை. மூங்கில்துறைப்பட்டு வெற்றிவேல் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அஞ்சாவதோடு நின்ற கை, எழுத்து கோணலாக இருக்கும், பொறுமையாகப் படி. மூன்று வாரமாக நாங்கள் போனை எடுக்கவில்லை என்று பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டு, அவர்கள் காதில் விழ என்னிடம் கத்தினாய். அதை நான் மறக்க மாட்டேன், அது வேறு கணக்கு. ஆனால் ஏன் எடுக்கவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும்.

தேவியின் பள்ளிக்கூடத்தில் அபிநயா என்று புது சயின்ஸ் டீச்சர் வந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை மட்டும் பிள்ளைகள் வீட்டுப் போனைக் கொண்டுவரலாம் என்று ஏற்பாடு செய்தாள். புத்தகத்தில் கறுப்புக் கட்டம் கட்டமாக இருக்கிறதே, அதைப் போனில் காட்டினால் பாடம் படமாக ஓடுமாம். ஒரு ஸ்பீக்கரும் வாங்கி வைத்திருந்தாள். நம் வீட்டில் இருப்பது உன் பெண்சாதி அம்சவள்ளியின் போன் ஒன்றுதானே, தேவி அதைத்தான் எடுத்துப் போனாள். அன்றைக்கு அவள் போனை ஸ்பீக்கரில் சேர்த்து, டீச்சர் மேசையில் வைத்துவிட்டு, அவளைப் பெஞ்சில் போய் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். இதயம் எப்படி ரத்தத்தைத் தள்ளுகிறது என்று படம் ஓடிக்கொண்டிருந்ததாம். உனக்கு வெள்ளிக்கிழமைதானே லீவு, அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய்.

இங்கேதான் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீ கூப்பிட்டால் அந்தப் போனில் மணி அடிக்காது. நீ கடைசியாக லீவில் வந்துவிட்டுப் போன பிறகு, தேவி எங்கேயாவது தெருவில் விளையாடிக்கொண்டு மணிச் சத்தம் கேட்காமல் இருந்துவிடுகிறாள், உன்னோடு பேசுகிற நேரம் போய்விடுகிறது என்று, அம்சவள்ளி தன் குரலையே அதில் பிடித்து உன் நம்பருக்கு மட்டும் வைத்துவிட்டாள். “தேவி, அப்பா கூப்புடுது, ஓடியா ஓடியா, எங்கடி போய்க்கினு இருக்கிற, ஓடியா” என்று கத்தும். அவள் கரும்புக் கொல்லையில் பாம்பு தீண்டிச் செத்த பிறகும் அது கத்திக்கொண்டுதான் இருந்தது. நீ காரியத்துக்கு வந்திருந்தபோது வீட்டிலேயே இருந்தாய், யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நீ விமானம் ஏறிப் போய் முதல் முறை கூப்பிட்ட அன்றைக்கு அந்தக் குரல் கேட்டதும் என் கையில் இருந்த சோற்றுப் பானை கீழே விழுந்தது. தேவி மட்டும் பயப்படவில்லை. “தோ வரேம்மா” என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய் எடுத்தாள். அதிலிருந்து வாரா வாரம் அப்படித்தான்.

பழக்கதோஷம், வகுப்பிலும் அப்படியே செய்துவிட்டாள். ஸ்பீக்கரில் அவ்வளவு பெரிய சத்தமாக அம்சவள்ளி கூப்பிட, இவள் “தோ வரேம்மா” என்று பெஞ்சைத் தாண்டி ஓடியிருக்கிறாள். அம்சவள்ளி செத்தது அந்த வகுப்புக்கே தெரியும். மேட்டுத்தெரு சந்தியாவின் மகள் சுபஸ்ரீ மயங்கி விழுந்தாள். டீச்சருக்குப் போனை நிறுத்தக் கை வரவில்லையாம்.

மறுநாள் சந்தியா நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். “கருமாதி அன்னிக்கு அவ பாய், தட்டு, சீல எல்லாத்தையும் ஏரிக்கரையில வுட்டீங்களே, போன மட்டும் இன்னாத்துக்கு வூட்ல வெச்சிக்கினீங்க, அதுலதான் குந்திக்கினு இருக்குறா” என்றாள். பங்காளி முறை இருந்தும் அம்சவள்ளி சாவுக்கு எட்டிப் பார்க்காதவள். “பொணத்தப் பார்க்க வராத காலு போனப் பார்க்க வந்துடுச்சா” என்று கேட்டேன். ஆனால் ராசா, அவள் சொன்னதும் பொய்யில்லை. பாயை விட்டோம், தட்டை விட்டோம், போன் அவளுடைய பொருள் என்று நம்மில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை பார்.

பள்ளிக்கூடத்துக்கும் போனேன். அம்மா செத்த வாரம் பிள்ளை வரவில்லை என்று சர்டிபிகேட் கேட்ட அதே ஹெட்மாஸ்டர்தான், இனிமேல் எவரும் போன் கொண்டுவரக் கூடாது என்றார். அந்த டீச்சர் பெண் பாவம், “எல்லார் போனையும் சைலண்ட்ல போடச் சொல்லாதது என் தப்புதாங்க ஆயா” என்று அழுதாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. மற்ற பிள்ளைகள் இப்போது தேவி பக்கத்தில் உட்காருவதில்லை. அவள் வீட்டிலும் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டாள். நீ கூப்பிட்டால் வெளிச்சம் மட்டும் வரும், அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், எடுக்க மாட்டாள். போன வாரம் நான் கொட்டகையில் இருந்தேன், சத்தம் ஒன்றுமே இல்லை, அம்சவள்ளி வளர்த்த மாடு திடீரென்று தீனியை விட்டுத் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தது. உள்ளே போய்ப் பார்த்தால் போனில் உன் பேர் மின்னிக்கொண்டிருந்தது. தேவியிடம் நான் இதைச் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் அவள், “அம்மா குரல அழிச்சிடட்டுமா ஆயா, எனக்குப் பயமில்ல, அவங்களுக்குத்தான் பயமா இருக்குது” என்றாள். விரல் அதன்மேலேயே இருந்தது. உன் அப்பன் ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லையேடி என்று சொன்னேன். அப்படியே திரும்பி என்னைப் பார்த்தாள். “அப்பா கேட்டதே இல்லியா?” என்றாள். ஒவ்வொரு முறையும் உனக்கும் அது அங்கே கேட்கிறது, அதைக் கேட்கத்தான் நீ கூப்பிடுகிறாய் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறது அந்தப் பிள்ளை. உனக்கு ட்ரிங் ட்ரிங் என்றுதான் கேட்கும் என்று தெரிந்த பிறகு அவள் அழுத அழுகையை நான் எழுத மாட்டேன். டீச்சர் அந்தக் குரலை உனக்கே அனுப்பிவிடலாம் என்றாள். தேவிதான் வேண்டாம் என்றுவிட்டாள், “அப்பா அங்க ரூம்ல தனியா இருக்கும், தனியா கேக்க வேணாம்” என்றாள்.

அதனால் நீ லீவு கேட்டுப் புறப்பட்டு வா. வைப்பதா அழிப்பதா என்று நீயும் அவளும் பேசி முடிவு செய்யுங்கள், அதுவரை அந்தக் குரலை யாரும் அழிக்க நான் விடமாட்டேன். அதுவரைக்கும் பொழுது சாய்ந்த பிறகு கூப்பிடு, நானே எடுக்கிறேன். ராத்திரியில் வெறும் வயிற்றோடு படுக்காதே. அர்த்தநாரீஸ்வரருக்கு உன் பேரில் விளக்குப் போட்டிருக்கிறேன், அவர் உன்னைக் காப்பார். வரும்போது உன் கத்தார் நம்பர் இங்கேயும் வேலை செய்கிற மாதிரி பார்த்துக்கொண்டு வா, அன்றைக்கு நாங்கள் போனில் சத்தத்தைத் திரும்ப வைத்திருப்போம். வந்ததும் நேராக உள்ளே நுழையாதே, வாசலில் நின்று போனில் கூப்பிடு. நாங்கள் எடுக்க மாட்டோம். அவள் கூப்பிட்டு முடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
பூங்காவனம்