நேந்துவிட்ட மந்தை

மதினி,

சோப்புப் போட்டுத் தேய்த்தும் கையை விட்டு ஆட்டு மொச்சை வாடை போகமாட்டேன் என்கிறது. நம் கிழட்டுச் செவலையாட்டை இப்போதுதான் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பஞ்ச வருஷத்து மந்தையில் கடைசியாக மிஞ்சியிருந்தது அதுதான்.

அண்ணன் போனபிறகு மந்தையை நடத்தியது நீங்கள். யார் வயலில் உரத்துக்குக் கிடை போடுவது, கூலியாக எம்புட்டு நெல் கேட்பது, எல்லாம் உங்கள் பேச்சுதான். மேய்க்க மட்டும்தான் நான். மழை பொய்த்துக் கண்மாய் பாளம் பாளமாக வெடித்தபோது, பெரியப்பா நம்மைக் கேட்காமலே மொத்த மந்தைக்கும் வியாபாரியைக் கூட்டிவந்துவிட்டார். நீங்கள் பட்டி வாசலை மறித்து நின்றீர்கள்.

“இது அம்புட்டும் கருப்பனுக்கு நேந்துவிட்டது. தொடாதீக.”

சாமிக்கு விட்ட ஆட்டை விலைக்கு வாங்க எவன் துணிவான்? வியாபாரி வந்த வழியே போய்விட்டான். அப்படியொரு நேர்த்தி நம் வீட்டில் கிடையாது என்று உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! மறுநாளே சோழவந்தான் பக்கம் ஓட்டிப்போய், ஆற்றோரம் மேயவிட்டு ஆடுகளைப் பிழைக்கவைத்தோம்.

அடுத்த தையில் நீங்கள் படுத்துவிட்டீர்கள். வயிற்றில் கட்டி, உடனே அறுக்க வேண்டும் என்றார் தல்லாகுளத்து டாக்டர். பாதி மந்தையை விற்றால் போதும். வியாபாரியைக் கூப்பிடக் கிளம்பியவனின் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

“நேந்துவிட்டத விக்கக் கூடாது தம்பி.”

அது நீங்களாகச் சொன்ன பொய்தானே மதினி என்று கெஞ்சினேன்.

“சொன்னது பொய்தேன். சாமி கேட்டுருச்சுல்ல?”

கைமாற்றுக்கு ஊர் ஊராக அலைந்து நான் திரும்புவதற்குள் போய்விட்டீர்கள். உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். நேந்துவிட்டது என்ற சொல்லையே அதன்பிறகு நான் வாயில் எடுக்கவில்லை. ஆனாலும் அந்த ஆடுகளில் ஒன்றைக்கூட விற்கவில்லை. விற்றிருந்தால் நீங்கள் செத்ததற்கு என்ன அர்த்தம்? பிறந்த குட்டிகளை விற்றுத்தான் பிழைத்தேன்.

இன்று குழி வெட்டும்போது தோல் வியாபாரி வந்து, செத்த ஆட்டின் தோலையாவது கொடுங்களேன் என்றான்.

“நேந்துவிட்டதுண்ணே” என்றேன். தானாக வந்தது வாயில்.

மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன். இனி பட்டியில் நிற்பது எதையும் விற்கலாம் மதினி. விற்று வைத்தியம் பார்க்கத்தான் நீங்கள் இல்லை.